பீட்டில்ஸ் குழுவும் படச்சுருளின் சாட்சியமும்

பீட்டில்ஸ் என்னும் பெயரைக் கேளாத மாணவர் நம் விடுதியில் இருத்தல் அரிது. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுக நகரிலே தோன்றி, 1970-ஆம் ஆண்டுவரை இசைத்தட்டுகளால் உலகைத் தம்பால் ஈர்த்த நால்வர் குழு அது. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்போர் அந்நால்வர். லெனன் 1980-ஆம் ஆண்டிலும் ஹாரிசன் 2001-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். குழு கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவர்களைப் பற்றிய படங்கள் இன்னும் வந்தவண்ணம் இருக்கின்றன.

நாம் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே கலைந்துபோன ஒரு குழுவை நாம் எவ்வாறு அறிகிறோம்? பாட்டைக் கேட்டு அறிகிறோம். படத்தைப் பார்த்தும் அறிகிறோம். பாட்டு அவர்கள் செய்தது. படமோ பெரும்பாலும் பிறர் எடுத்து, பிறர் வெட்டி, பிறர் ஒட்டியது. அதனை எவ்வளவு தூரம் நம்பலாம்? அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்வினாவை ஆராய முற்படுகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை ஏற்குமுன் அது எப்போது, எக்கருவியால், யாரால் எடுக்கப்பட்டது என்று கேட்கிறோம் அன்றோ? அக்கேள்விகளையே இப்படங்களிடமும் கேட்போம்.

சைக்கடெலிக் இசை

முதற்கண் ஒரு சொல் விளக்கம். ராக் இசையின் கிளைகளுள் சைக்கடெலிக் ராக் என்பது ஒன்று. 1960-களின் நடுவில் இது தழைத்தது. எல்.எஸ்.டி. என்னும் வேதிப்பொருளை 1938-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் உருவாக்கினார். அதை உட்கொண்டால் காட்சியும் ஒலியும் காலவுணர்வும் திரிந்து தோன்றும் என்பதை 1943-ஆம் ஆண்டில் அவரே கண்டறிந்தார். பின்னாளில் அம்மருந்து மேலைநாட்டு இளைஞரிடையே பரவிப் பலருக்குக் கேடு விளைத்தது. அம்மயக்கத்தில் தோன்றும் திரிபுகளை ஒலியால் காட்ட முயன்ற இசையே சைக்கடெலிக் இசை.

அதற்கு அவர்கள் கையாண்ட வழிகள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்து உத்திகளாகும். நாடாவைப் பின்னோக்கி ஓட்டினர்; அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிந்தனர்; சிறு நாடாத் துண்டை வளையமாக ஒட்டி ஓயாது சுழலவிட்டனர். 1966-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரிவால்வர்’ இசைத்தட்டின் இறுதிப் பாட்டில் இவையாவும் உள்ளன. அப்பாட்டின் அடியில் ஒலிப்பது தம்பூரா. மாறாத சுருதியின்மேல் இசையைப் படரவிடுவது நமக்குப் புதிதன்று. கோயில் மண்டபத்துக் கச்சேரியில் நாம் நாளும் கேட்பது. மேலைநாட்டு இளைஞருக்கோ அது வேறோர் உலகத்து ஒலியாகப் பட்டது.

இந்திய ஒலி அவர்களிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு திரைப்படத்தின் வாயிலாகத்தான். 1965-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘ஹெல்ப்!’ கீழைநாட்டுத் தெய்வ வழிபாட்டைக் கேலி செய்யும் ஒரு நகைச்சுவைக் கதை. அதில் வரும் உணவுவிடுதிக் காட்சிக்காக இந்திய இசைக்கலைஞர் சிலரை அழைத்திருந்தனர். படப்பிடிப்பின் இடைவேளையில் ஹாரிசன் அவர்களுடைய சித்தாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த ‘ரப்பர் சோல்’ இசைத்தட்டிலேயே சித்தார் ஒலித்தது. 1966-ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்து பண்டிட் ரவிசங்கரிடம் முறையாகப் பாடங்கேட்டார். கேலிக்கென எடுத்த காட்சி ஒருவரை மாணவராக்கிற்று.

மூவகைப் படங்கள்

பீட்டில்ஸ் குழுவைப் பற்றிய படங்களை மூன்றாகப் பகுக்கலாம். கதையாகப் புனைந்தவை ஒரு வகை, ‘ஹெல்ப்!’ அவ்வகையது. நிகழ்ச்சி நடந்தபோதே பதிந்தவை இரண்டாம் வகை. பிற்காலத்தில் நினைவிலிருந்து சொல்லக் கேட்டுத் தொகுத்தவை மூன்றாம் வகை. எவ்வகைப் படத்தைப் பார்க்கிறோம் என்பதை அறியாமல் பார்த்தால், புனைவைச் சான்றென்றும் நினைவை நிகழ்ச்சியென்றும் மயங்குவோம்.

புனைவுப் படங்களிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. ‘மாஜிக்கல் மிஸ்டரி டூர்’ என்ற படத்தை நால்வரும் தாமே முன்னின்று எடுத்தனர். ஒரு பேருந்தில் பலர் உல்லாசப் பயணம் போகும் கனவு போன்ற கதை. நிறங்களே அதன் உயிர். 1967 டிசம்பர் 26 அன்று பி.பி.சி.யின் முதல் அலைவரிசை அதனைக் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பிற்று. பார்த்தோர் முகஞ்சுளித்தனர், செய்தித்தாள்கள் சாடின. சில நாள் கழித்து இரண்டாம் அலைவரிசையில் வண்ணத்தில் காட்டியபோது, வண்ணத் தொலைக்காட்சி வைத்திருந்தோர் மிகச் சிலரே. கதை தளர்ந்தது என்பதும் உண்மையே. ஆயினும் நிறத்தை நம்பி எடுத்த படத்தை நிறமின்றிப் பார்த்து அளித்த தீர்ப்பு, பாதி அளவீட்டைக்கொண்டு எழுதிய முடிவு போன்றது.

அடுத்த ஆண்டில் ஜார்ஜ் டன்னிங் இயக்கத்தில் ‘யெல்லோ சப்மரீன்’ என்ற சித்திரப்படம் வெளிவந்தது. சைக்கடெலிக் ஓவியத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அது. அதில் நால்வருக்கும் குரல் கொடுத்தோர் வேறு நடிகர்கள்! நால்வரும் நேரில் தோன்றுவது இறுதியில் சிறிது நேரமே. ஆகவே அப்படத்தில் அவர்கள் பேசுவதாகக் கேட்பது அவர்கள் பேச்சன்று.

ஒரே படச்சுருள், இரு கதைகள்

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். இக்கட்டுரையின் நடுநாடி இதுவே.

1969 ஜனவரி மாதத்தில் நால்வரும் புதுப்பாட்டுகளைப் பழகியதையும் பதிந்ததையும் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் என்ற இயக்குநர் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தார். கிடைத்தது ஏறத்தாழ 60 மணி நேரப் படம். 150 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலி. ஒலி ஏன் மிகுதி என்று கேட்கலாம். ஒளிப்படக் கருவியில் ஒரு சுருள் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். படச்சுருளின் விலையோ அதிகம். ஆகவே அடிக்கடி நிறுத்துவர். நாக்ரா என்னும் ஒலிப்பதிவுக் கருவியில் நாடா மலிவு. ஒரு சுருள் கால் மணி நேரம் ஓடும். இரு கருவிகள் இருந்தன. ஒன்று ஓய்ந்தாலும் மற்றது ஓடும். இவ்வாறு படம் இல்லாத நேரத்திலும் ஒலி தங்கிவிட்டது.

இவற்றிலிருந்து லிண்ட்சே-ஹாக் ஆக்கிய ‘லெட் இட் பீ’ என்ற படம் 80 நிமிடம் ஓடுவது. எடுத்த படத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் அது. 1970 மே மாதம் அது திரைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதந்தான் குழு பிரிந்த செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. துயரத்தோடு அரங்கில் அமர்ந்தோர் திரையில் பிரிவின் காரணத்தையே தேடினர். மெக்கார்ட்னியும் ஹாரிசனும் கருத்து மாறுபடும் ஒரு காட்சி அவர்களுக்குப் போதுமானதாயிற்று. குழு உடைவதைக் காட்டும் படம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1980-களுக்குப் பின்னர் அப்படம் முறையாக எங்கும் கிடைக்கவில்லை, பெயர்மட்டும் வளர்ந்தது.

ஆனால் காலவரிசையைப் பாருங்கள். படம் எடுத்தது 1969 ஜனவரியில். அதன்பின் அதே நால்வர் கூடி ‘அபே ரோடு’ என்ற இசைத்தட்டை முடித்து, அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டனர். பிரிவின் செய்தி வந்தது அதற்கும் ஏழு மாதம் கழித்து. பின்னால் நடந்ததை முன்னால் எடுத்த படத்தில் ஏற்றிப் பார்த்தனர் மக்கள். காரணம் காரியத்துக்குப் பின்னே வராது என்பது நாம் படித்த முதற்பாடம் அன்றோ?

அதே படச்சுருள்களையும் நாடாக்களையும் பீட்டர் ஜாக்சன் மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். நாடாக்களுக்கு அதற்குள் ஒரு தனி வரலாறு உண்டாகியிருந்தது. திருட்டுப்போன சுமார் 500 சுருள்கள் 2003-ஆம் ஆண்டில்தான் காவல்துறையினரால் மீட்கப்பட்டன. ஜாக்சனின் ‘கெட் பேக்’ 2021 நவம்பரில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. எட்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. இதில் நால்வரும் சிரிக்கிறார்கள், கேலி பேசுகிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு பாட்டு மெல்ல உருவாவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். 1969 ஜனவரி 30 அன்று இலண்டன் சாவில் ரோவில் மாடியின்மேல் நின்று அவர்கள் வாசித்த நிகழ்ச்சி முழுமையாக இருக்கிறது.

பார்த்தோர் பலர், பழைய படம் பொய், புதிய படமே மெய் என்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. ஜனவரி 10 அன்று ஹாரிசன் மனங்கசந்து குழுவைவிட்டு வெளியேறினார்; சில நாள் கழித்தே திரும்பினார். சோகப்படம் என்று பெயரெடுத்த ‘லெட் இட் பீ’யில் இந்நிகழ்ச்சி இல்லவே இல்லை! மகிழ்ச்சிப் படம் என்று பெயரெடுத்த ‘கெட் பேக்’கில்தான் அது இருக்கிறது. எனவே, படத்தின் பெயரை வைத்து உள்ளடக்கத்தை முடிவு செய்தல் ஆகாது. பழைய படம் 2024 மே மாதம் சீர்செய்யப்பட்டு மீண்டும் வெளிவந்துள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இப்போது நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஜாக்சனின் படத்திலும் விழிப்போடு பார்க்கவேண்டியவை உண்டு. ஒலி மட்டும் கிடைத்த இடங்களில் வேறு நேரத்தில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறார்கள். மற்றொன்று, பிரித்தெடுத்த ஒலி. பழைய நாடாவில் பேச்சும் கிட்டாரும் முரசும் ஒரே தடத்தில் கலந்திருந்தன. இன்ன ஒலி கிட்டார், இன்ன ஒலி மனிதக்குரல் என்று கணிப்பொறிக்குப் பல்லாயிரம் மாதிரிகளால் பயிற்சி கொடுத்து, அவற்றைத் தனித்தனியே பிரித்தனர். வைத்த குழம்பிலிருந்து உப்பையும் புளியையும் மீண்டும் தனியே எடுப்பது போன்ற வேலை! இம்முறையால்தான் லெனனின் பழைய நாடாவொன்றிலிருந்து அவர் குரலைப் பிரித்து, 2023 நவம்பரில் ‘நௌ அண்ட் தென்’ என்ற பாட்டை வெளியிட முடிந்தது.

ஆயின் இதில் ஓர் அறக்கேள்வியும் அடங்கியுள்ளது. தங்கள் பேச்சு பதிவாகாதிருக்க நால்வரும் கிட்டாரை உரக்க மீட்டிக்கொண்டே பேசுவதுண்டு என்று ஜாக்சன் கூறியிருக்கிறார். அம்மறைப்பைக் கணிப்பொறி விலக்கிவிட்டது. ஹாரிசன் வெளியேறியபின் லெனனும் மெக்கார்ட்னியும் உணவறையில் பேசியதைப் பூந்தொட்டியில் ஒளித்துவைத்த ஒலிவாங்கி பதிவு செய்தது. நமக்கு அது அரிய சான்று. அவர்களுக்கோ அது தனிப்பேச்சு. சான்று கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடலாகாது.

ரிஷிகேசத்துக் கதை

மூன்றாம் வகைக்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1968 பிப்ரவரியில் நால்வரும் கங்கைக்கரையில் ரிஷிகேசத்துக்கு வந்து, மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் பயின்றனர். மயக்க மருந்தில் தேடியதைத் தியானத்தில் அடையலாம் என்ற எண்ணம் அப்போது அவர்களிடம் வேரூன்றியிருந்தது. ஸ்டார் பத்து நாளில் புறப்பட்டார். மெக்கார்ட்னி மார்ச் இறுதியில் சென்றார். லெனனும் ஹாரிசனும் ஏப்ரல் 12 அன்று வெளியேறினர். அவ்வாண்டு நவம்பரில் வந்த வெள்ளை அட்டை இசைத்தட்டின் 30 பாட்டுகளுள் பல அங்கே உருவானவை.

அந்நாள்களின் அசையும் படங்கள் குறைவு. ஆகவே பிற்காலப் படங்கள் நினைவையும் நிழற்படத்தையுமே பெரிதும் நம்பின. பால் சால்ட்ஸ்மன் என்ற கனடா நாட்டு இளைஞர் ஆசிரம வாயிலில் சில நாள் காத்திருந்து, பின்னர் உள்ளே அனுமதி பெற்று, நால்வரையும் நிழற்படம் எடுத்தார். அப்படங்கள் முப்பதாண்டுக்கு மேல் அவர் வீட்டில் முடங்கிக்கிடந்தன. 2020-ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை ‘மீட்டிங் தி பீட்டில்ஸ் இன் இந்தியா’ என்ற படமாக அவர் எடுத்தார். அடுத்த ஆண்டில் அஜய் போஸ் என்ற நம் நாட்டுப் பத்திரிகையாளர், பீட்டர் காம்ப்டனுடன் சேர்ந்து ‘தி பீட்டில்ஸ் அண்ட் இந்தியா’ என்ற படத்தை இயக்கினார். இது இந்தியர் கண்ணால் கண்ட கதை. நால்வரையும் அந்நாளில் கண்டு பழகிய இந்தியர்கள் இதில் பேசுகிறார்கள். பனிப்போர்க் காலத்தில் அவ்வாசிரமத்தின்மீது படிந்த உளவு ஐயங்களும், சோவியத் உளவுத்துறையைச் சேர்ந்த யூரி பெஸ்மெனோவ் அங்கு வந்ததும் இதில் இடம்பெறுகின்றன.

லெனனும் ஹாரிசனும் மனவேறுபாட்டோடு வெளியேறியதன் காரணம்பற்றி வாய்மொழிகள் ஒன்றோடொன்று ஒவ்வா. இது வியப்பன்று, நினைவு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சற்றே மாறுகிறது. ‘கெட் பேக்’ படத்தில் இதைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. ரிஷிகேசத்தில் தாம் எடுத்த சிறுபடத்தைப் போட்டுப் பார்த்ததாக மெக்கார்ட்னி நண்பர்களிடம் சொல்கிறார். அங்கே நாம் எப்படியிருந்தோம் என்று பேச்சு எழுகிறது. அவர்கள் திரும்பி ஓராண்டுகூட நிறையவில்லை. அதற்குள் தம்மையே திரையில் கண்டு விளக்கம் தேடவேண்டிய நிலை!

பெயர் இல்லாத கைகள்

இவையனைத்தையும் பார்த்தபின் என் மனத்தில் தங்கிய செய்தி வேறொன்று. 1967 மார்ச்சில் இலண்டனில் ஹாரிசன் பதிந்த ‘விதின் யூ விதவுட் யூ’ என்ற பாட்டில் தில்ரூபா, தபலா, தம்பூரா முழங்குகின்றன. வாசித்தோர் அங்கு வாழ்ந்த இந்தியர். இசைத்தட்டின் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட அவ்வொலிக்கு உரியவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், நட்வர் சோனி, புத்ததேவ் கன்சாரா என்பது ஐம்பது ஆண்டு கழித்து, 2017-ஆம் ஆண்டில்தான் உலகறிய வெளிப்பட்டது. ஒலி இருந்தது, ஆளும் இருந்தார், எழுதிவைக்க ஒரு வரி இல்லை.

தென்னாட்டுக் கலைஞருக்கும் இக்கதையில் பங்குண்டு. 1974 செப்டம்பர் 23 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹாரிசனின் ஆதரவில் ரவிசங்கர் ஓர் இந்திய இசைவிழா நடத்தினார். சென்னை மேடைகள் நன்கறிந்த டி. வி. கோபாலகிருஷ்ணனின் மிருதங்கமும் எல். சுப்பிரமணியத்தின் வயலினும் அதில் ஒலித்தன. லட்சுமி சங்கர் பாடினார். அதைப் படமும் எடுத்தனர். அப்படம் வெளிவந்தது 2010-ஆம் ஆண்டில். முப்பத்தாறு ஆண்டு அது பெட்டியில் உறங்கிற்று. உறங்கியதேனும் அழியாதிருந்தது நற்பேறு.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு நாடாவொன்று நினைவுக்கு வந்தது. என் தாத்தா திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கூத்துக்குழுவில் முகவீணை வாசித்தவர். என் தந்தையார் பிழைப்பின்பொருட்டு இப்பக்கம் குடியேறியபோது, துணிமூட்டையோடு ஓர் ஒலிநாடாவையும் கொண்டுவந்தார். அதன் அட்டையில் ‘கூத்து’ என்ற ஒரு சொல்லே எழுதியிருக்கிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, பாடியது யார், ஒன்றும் தெரியாது. இரண்டு முகவீணைகள் ஒலிக்கின்றன, ஒன்று தாத்தாவினுடையது. எது என்று சொல்ல வல்லவர் இன்று எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, நாம் வாழும் குடுபல்லி மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் உள்ளது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் சந்தையில் ஒருங்கே ஒலிக்கும் ஊர்ப்பக்கம் இது. கோடையில் சித்தூர் மாவட்டத்து ஊர்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. அங்கே கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காத மாணவர் யார்? பதிவுக்குப் பஞ்சமில்லை. ஆயின் அரை நிமிடத் துண்டுகளாகவே எடுக்கிறோம், பெயர் எழுதுவதில்லை, கைப்பேசி பழுதானால் எல்லாம் போயிற்று.

1969-ஆம் ஆண்டு நாடாக்கள் இன்று பயன்படுவதற்கு ஒரு சிறிய காரணம் உண்டு. ஒவ்வொரு சுருள் தொடங்கும்போதும் ஒலிப்பதிவாளர் அதன் எண்ணைத் தம் குரலால் சொல்லிப் பதிந்தார். நாமும் அவ்வாறே செய்யலாம். பதிவைத் தொடங்கியதும் நாள், ஊர், கூத்தின் பெயர், கலைஞர் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுக. கலைஞரிடம் முன்னரே இசைவு பெறுக. அவர் வேண்டாமென்ற இடத்தில் கருவியை நிறுத்துக. ஒரு காட்சியையேனும் தொடக்கமுதல் முடிவுவரை இடைவிடாது எடுக்க. வெட்டி ஒட்டி அழகுபடுத்தியதை நண்பர்க்கு அனுப்புக. வெட்டாத மூலத்தை இரண்டு படிகளாக இரண்டு இடங்களில் வைக்க. நம் மன்றத்தில் இதற்கென ஒரு பேரேடு திறந்தால் செலவு ஒரு நோட்டுப்புத்தகம் அளவே.

லிவர்ப்பூல் இளைஞர் நால்வர் தேநீர் அருந்தியதைக்கூட உலகம் எட்டு மணி நேரம் அமர்ந்து பார்க்கிறது. அவர்கள் உயர்ந்த கலைஞர்கள், அது தகும். ஆயினும் அருகிலிருந்து எடுத்தவரும், எண்ணிட்டவரும், காத்துவைத்தவரும் இல்லாதிருந்தால் அவ்வரலாறு வெறும் வதந்தியாகவே நின்றிருக்கும். இரவெல்லாம் கண்விழித்து முகவீணை ஊதும் ஒருவருக்கு, அவர் பெயரையேனும் எழுதிவைக்க நாம் கடமைப்பட்டுள்ளோம். வரும் கோடையில் தொடங்குவோம்.